வாய் திறவாத மாணவனின் உரிமை

பள்ளிக்கூடத்தின் முதல் மணி ஒலித்ததும் பிள்ளைகள் முற்றத்தில் வரிசையாக நின்று, கை கூப்பிக் கடவுள் வாழ்த்துப் பாடும் காட்சி நம் நாட்டில் யாவரும் அறிந்ததே. நாம் பயின்ற பள்ளியிலும் அவ்வாறே நடந்தது. எம் வரிசையின் கடைசியில் நின்ற தோழன் ஒருவன் நாள்தோறும் பாட்டின் அடிகளுக்கு ஏற்ப உதடுகளை மட்டும் அசைப்பான், குரல் எழாது. அவன் வீட்டில் வழங்கிய சமயம் வேறு. பாட மாட்டேன் என்று அவன் சொன்னதில்லை; பாடுவதற்கு உனக்கு இசைவா என்று அவனை எவரும் கேட்டதுமில்லை.

அன்று அது எமக்கு வேடிக்கையாகத் தோன்றியது. பிற்காலத்தில் மத்திய அரசாங்கத்தின் மொழிபெயர்ப்புப் பணியில் அமர்ந்து, சட்டங்களின் வாக்கியங்களைச் சொல் சொல்லாக எடைபோடும் கடமை வாய்த்தபோதுதான், ஓசையின்றி அசைந்த அவ்வுதடுகளில் நூறாண்டுக்கு மேற்பட்ட ஒரு வழக்கு அடங்கியிருந்தது என்பதை உணர்ந்தோம்.

பொதுப் பணத்தால் நடைபெறும் பள்ளியில் சமயத்திற்கு எவ்வளவு இடம் தரலாம் என்பது ஒரு கேள்வி. அதனினும் நுட்பமான கேள்வி மற்றொன்று உண்டு. விருப்பமில்லாத மாணவன் விலகிக்கொள்ள வேண்டுமானால் அவன்தான் வாய் திறந்து கேட்க வேண்டுமா? அல்லது அவனைச் சேர்த்துக்கொள்வதற்கு முன்னர்ப் பள்ளிதான் இசைவு கேட்க வேண்டுமா? பேச வேண்டிய பொறுப்பு யாருடையது என்னும் இக்கேள்விக்கு நம் நாடு விடை கண்ட வரலாற்றையே இங்குக் கூறப் புகுகின்றோம்.

கிழக்கிந்தியக் கம்பெனியார் நாடாண்ட காலத்தில், 1813-ஆம் ஆண்டின் பட்டயச் சட்டம் இரண்டு கதவுகளை ஒரே சமயத்தில் திறந்துவிட்டது. கல்விக்காக ஆண்டுதோறும் ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்க வேண்டும் என்றது ஒரு விதி. கிறிஸ்தவப் பாதிரிமார்கள் இந்நாட்டிற்கு வந்து பணியாற்ற வழி செய்தது மற்றொரு விதி. பாதிரிமார்கள் ஊர்தோறும் பள்ளிகளை நிறுவினர். எழுத்தறிவு பெற வேறு வழியற்ற பலருக்கு அப்பள்ளிகள் வாழ்வளித்தன. அவற்றில் வேதாகமப் பாடமும் உடன் நடந்தது. பாதிரிமார் தம் பணத்தில் நடத்திய பள்ளிகளைப் பற்றி வழக்கு எழவில்லை. அரசாங்கப் பள்ளிகளிலும் அப்பாடம் நடைபெறலாமா என்ற இடத்தில்தான் பூசல் மூண்டது.

அப்பூசலின் முக்கியமான கட்டம் ஒன்று சென்னையில் நிகழ்ந்தது. 1846-இல் சென்னை ஆளுநராயிருந்த ட்வீடேல் பிரபு, அரசாங்கப் பள்ளிகளில் வேதாகமத்தைப் பாடநூலாக வைக்க வேண்டும் என்று கருதினார். கஜுலு லட்சுமிநரசு செட்டியார் முதலிய நகரப் பெருமக்கள் அதனை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். எல்லாச் சாதியாரும் சமயத்தாரும் செலுத்தும் வரிப்பணத்தில் நடைபெறும் பள்ளியில் ஒரு சமயத்தை மட்டும் போதிப்பது முறையன்று என்பதே எதிர்ப்பின் சாரம். லண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர்களும் ஆளுநரின் கருத்துக்கு இணங்கவில்லை.

இதன்பின் 1854-இல் சர் சார்லஸ் உட் பெயரால் வழங்கும் கல்விக் கடிதம் வந்தது. அரசாங்கக் கல்வி நிலையங்களில் சமயச் சார்பற்ற கல்வியே அளிக்கப்படும் என்று அது வரையறுத்தது. வேதாகமம் நூலகத்தில் இருக்கலாம். மாணவன் தானாக விரும்பிக் கேட்டால் ஆசிரியர் விளக்கம் கூறலாம். ஆனால் அது பள்ளி நேரத்திற்கு அப்பால் நிகழ வேண்டும் என்றது. எல்லாச் சமயத்தாரின் பள்ளிகளுக்கும் உதவித்தொகை அளிக்கும் முறையையும் அக்கடிதமே ஏற்படுத்தியது. அரசாங்க ஆய்வாளர் அப்பள்ளிகளின் உலகியற் கல்வியை மட்டும் சோதிப்பார்; சமயப் பாடத்தைப் பற்றி ஒன்றும் வினவார். நான்காண்டுகளுக்குப் பிறகு, 1858 நவம்பர் 1-ஆம் தேதி வெளியான விக்டோரியா அரசியாரின் பிரகடனம், குடிகளின் சமய நம்பிக்கைகளில் ஆட்சியாளர் தலையிடார் என்று உறுதி கூறியது.

நடுநிலை என்னும் சொல் அழகியது. ஆயினும் அச்சொல் ஒரு சிக்கலைத் தீர்க்காமல் விட்டுவிட்டது. உதவித்தொகை பெறும் பள்ளியில் வேதாகம வகுப்பு உண்டு. அவ்வூரில் வேறு பள்ளி இல்லை. பையன் வேறு சமயத்தவன். அவன் என் செய்வான்? அரசாங்கம் நடுநிலை வகிக்கலாம். அந்தப் பையன் வகுப்பில் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

இதே சிக்கல் இங்கிலாந்திலும் எழுந்தது. அங்கே கிறிஸ்தவத்தின் பல பிரிவினர் தம்முள் பிணங்கினர். 1870-ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம் அதற்கொரு வழி கண்டது. பிள்ளையைச் சமய வகுப்பிலிருந்து விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்கு உரிமை உண்டு என்று அச்சட்டம் கூறியது. இதற்கு மனச்சாட்சி விதி என்று பெயர். 1882-இல் சர் வில்லியம் ஹண்டர் தலைமையில் அமைந்த இந்தியக் கல்விக் குழு இவ்விதியின் சாயலை நம் நாட்டிற்கும் பரிந்துரைத்தது. ஓர் ஊரில் ஒரு தரத்துக்குரிய பள்ளி ஒன்றே ஒன்றாயிருந்து, அதில் சமயப் பாடமும் இடம்பெறுமானால், பெற்றோர் தம் பிள்ளையை அப்பாடத்திலிருந்து விலக்கிக்கொள்ளலாம். அதனால் பள்ளியின் ஏனைய பயன்களை அப்பிள்ளை இழத்தலாகாது என்றது அக்குழு.

இது பெரியதொரு முன்னேற்றமே. எனினும் அதனுள் ஒரு குறை இருந்தது. விதிப்படி பிள்ளை முதலில் வகுப்பிற்கு உள்ளே இருக்கிறது. வெளியே வருவதற்குப் பெற்றோர் சென்று கேட்க வேண்டும். கேட்பவர் யார்? பெரும்பாலும் கையெழுத்திடவும் அறியாத உழவர். தம் மகன் நான்கு எழுத்துப் படித்தால் போதும் என்று தலைமையாசிரியர் முன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பவர். அவர் எங்ஙனம் வாய் திறப்பார்? கேட்டால் கிடைக்கும் உரிமை, கேட்கத் துணிவில்லாதவருக்குக் கிடைப்பதில்லை.

தேசிய இயக்கம் வளர்ந்தபோது இக்கேள்வி வேறு கோலம் பூண்டது. 1937-இல் காந்தியடிகள் வார்தாவில் ஆதாரக் கல்வித் திட்டத்தை முன்வைத்தார். டாக்டர் ஜாகீர் உசேன் தலைமையில் ஒரு குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. சமயப் போதனைக்கு அதில் இடமில்லை. நாள் தவறாமல் பிரார்த்தனை நடத்திய காந்தியடிகளின் திட்டத்தில் சமயம் இல்லையா என்று பலர் வியந்தனர். சமயங்கள் இன்று கற்பிக்கப்படும் முறையும் பின்பற்றப்படும் முறையும் மக்களை இணைப்பதை விடப் பிரிக்கவே செய்கின்றன என்று அவர் அஞ்சினார்; எல்லாச் சமயங்களுக்கும் பொதுவான உண்மைகளைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம், கற்பிக்கவும் வேண்டும் என்றார். பக்தியில் ஆழ்ந்தவரே பள்ளியின் வாயிலில் சமயப் பிரசாரத்தை நிறுத்தி வைத்தார் என்பது நாம் மறக்கலாகாத செய்தி.

பிறகு அரசியல் நிர்ணய சபை கூடியது. நாடு பிளவுண்டு இரத்தம் சிந்திய 1947-ஆம் ஆண்டிலேயே, பள்ளிப் பிள்ளையின் மனச்சாட்சியைப் பற்றி அச்சபையினர் நிதானமாக வாதிட்டனர் என்பது நினைக்கத்தக்கது. சர்தார் பட்டேல் தலைமையிலிருந்த ஆலோசனைக் குழுவின் முதல் வாசகம், பொதுப் பணம் பெறும் பள்ளியில் எவரையும் சமயப் போதனையில் பங்கு கொள்ளவோ வழிபாட்டிற்கு வரவோ கட்டாயப்படுத்தலாகாது என்ற அளவில் நின்றது. அவ்வாண்டு ஆகஸ்டு இறுதியில் சபையில் பேசிய பூர்ணிமா பானர்ஜி அம்மையார், உதவித்தொகை பெறும் பள்ளிகளில் சமயக் கல்வி என்பது எல்லாச் சமயங்களின் தத்துவத்தையும் ஒப்பிட்டு அறியும் எளிய பாடமாக அமைந்து பிள்ளைகளின் உள்ளத்தை விரிவாக்க வேண்டும் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அத்திருத்தம் ஏற்கப்படவில்லை, ஆனால் அவர் எழுப்பிய எண்ணம் பின்னரும் பலமுறை திரும்பி வந்தது.

1948 டிசம்பர் 7-ஆம் தேதி அவ்விதி மீண்டும் விவாதத்திற்கு வந்தது. முற்றிலும் அரசாங்கப் பணத்தால் நடைபெறும் பள்ளியில் சமயப் போதனை ஏன் கூடாது என்பதற்கு டாக்டர் அம்பேத்கர் மூன்று காரணங்கள் கூறினார். ஒரு குறிப்பிட்ட சமயத்திற்காக வரிப்பணத்தைச் செலவிடலாகாது என்ற கொள்கையை அரசியல் சட்டம் வேறோரிடத்தில் ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பது முதற்காரணம். இத்தனை சமயங்கள் உள்ள நாட்டில் ஒவ்வொரு பிரிவினருக்கும் தனித்தனியே போதிக்க ஏற்பாடு செய்வது ஜில்லா போர்டுகளால் ஆகாத காரியம் என்பது இரண்டாவது. ஒவ்வொரு சமயமும் தன் வழியே மெய்வழி என்று கூறுவதால், அவற்றின் சச்சரவுகளைப் பள்ளிக்குள் இழுத்துவிட்டால் அங்குள்ள அமைதி குலையும் என்பது மூன்றாவது.

அப்போது பண்டித லட்சுமிகாந்த மைத்ரா ஒரு ஐயத்தை எழுப்பினார். கல்கத்தாவின் அரசாங்கச் சம்ஸ்கிருதக் கல்லூரியில் வேதமும் உபநிடதமும் கற்பிக்கப்படுகின்றனவே, அக்கல்லூரியை மூடிவிடுவதா என்று கேட்டார். சமயப் போதனை வேறு, சமயத்தைப் பற்றிய ஆராய்ச்சியும் படிப்பும் வேறு என்று அம்பேத்கர் விடை பகர்ந்தார். இதனை நம்பு என்று கூறுவது போதனை. இவர்கள் இதனை நம்பினார்கள் என்று அறிவிப்பது படிப்பு. மொழிபெயர்ப்பாளராகிய எமக்கு இவ்வேறுபாடு அடிக்கடி நினைவுக்கு வரும். கல்வி என்று எழுத வேண்டிய இடத்தில் போதனை என்று எழுதினாலும், போதனை என்று எழுத வேண்டிய இடத்தில் கல்வி என்று எழுதினாலும், சட்டத்தின் பொருளே தலைகீழாகிவிடும். ஒரு சொல்லின் பிழையால் ஒரு பிள்ளையின் உரிமை வழுவிப்போகக் கூடும்.

1950 ஜனவரி 26-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 28-ஆம் ஷரத்து இவ்வாதங்களின் விளைவாகும். முற்றிலும் அரசுப் பணத்தால் நடைபெறும் நிலையத்தில் சமயப் போதனை கூடாது என்பது அதன் முதற்பகுதி. அறக்கட்டளையின் நிபந்தனைப்படி சமயப் போதனை நடந்தாக வேண்டிய நிலையத்தை அரசு நிர்வகித்து வந்தால், அதற்கு இத்தடை இல்லை என்பது இரண்டாம் பகுதி. மூன்றாம் பகுதியே எம் கதைக்கு உயிரானது. அரசின் அங்கீகாரமோ உதவித்தொகையோ பெற்ற எந்தக் கல்வி நிலையத்திலும், தானே இசைந்தாலன்றி, அல்லது வயது நிரம்பாதவராயின் அவருடைய காப்பாளர் இசைந்தாலன்றி, எவரையும் சமயப் போதனையில் பங்குகொள்ளவோ வழிபாட்டில் கலந்துகொள்ளவோ கோரலாகாது என்று அது விதிக்கிறது.

பழைய மனச்சாட்சி விதியோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். ஹண்டர் குழுவின் கணக்கில் பிள்ளை உள்ளே இருந்தது; வெளியேறப் பெற்றோர் கேட்க வேண்டியிருந்தது. அரசியலமைப்பின் கணக்கில் பிள்ளை வெளியே இருக்கிறது; உள்ளே அழைப்பதற்குப் பள்ளி கேட்க வேண்டியிருக்கிறது. பேச வேண்டிய பொறுப்பு உழவரின் தோளிலிருந்து தலைமையாசிரியரின் தோளுக்கு மாறியது. வாய் திறவாதவனின் மௌனம் முன்னர்ச் சம்மதமாகக் கொள்ளப்பட்டது. இப்போது அதனைச் சம்மதமாகக் கொள்ள இயலாது. சிறுபான்மையினர் தம் விருப்பப்படி கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமையை 30-ஆம் ஷரத்து காக்கிறது. அந்நிலையங்களுக்குள் வந்து பயிலும் பிற சமயப் பிள்ளையை 28-ஆம் ஷரத்து காக்கிறது. இரண்டும் சேர்ந்தே நீதி.

மௌனத்தைப் பற்றிய மற்றொரு யோசனையும் அக்காலத்தில் எழுந்தது. டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948–49-இல் பணியாற்றிய பல்கலைக்கழகக் கல்விக் குழு, ஒவ்வொரு நாளும் வகுப்புத் தொடங்குமுன் சில நிமிடங்கள் யாவரும் மௌனமாகத் தியானிக்கலாம் என்றது. அந்த அமைதியில் அவரவர் தத்தம் தெய்வத்தை நினைக்கலாம். தெய்வம் வேண்டாதவர் தம் மனத்தை ஒருமுகப்படுத்தலாம். சமயத் தலைவர்களின் வாழ்க்கையையும் அறநூல்களின் பொதுக் கருத்துகளையும் பாடமாக வைக்கலாம் என்றும் அக்குழு கூறியது. 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரி குழுவும் சமயப் போதனையையும் சமயங்களைப் பற்றிய கல்வியையும் பிரித்துக் காட்டியது. 1971-இல் பஞ்சாபில் எழுந்த ஒரு வழக்கில், குருநானக்கின் வாழ்க்கையையும் உபதேசங்களையும் அறிவு நோக்கில் பயில்வது சமயப் போதனையாகாது என்று உச்ச நீதிமன்றம் கொண்டது. சமயங்களைப் பற்றிய அறிவைப் பாடத்திட்டத்தில் சேர்ப்பது அரசியலமைப்புக்கு முரணன்று என்று 2002-இலும் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அம்பேத்கர் கிழித்த கோடு அழியாமல் நின்றது.

ஆனால் ஷரத்தின் சொற்களுக்குள் அடங்காத ஒரு மௌனம் 1985-இல் கேரளத்திலிருந்து நீதிமன்றத்தின் வாயிலுக்கு வந்தது. யெகோவாவின் சாட்சிகள் என்னும் சமயக் குழுவைச் சேர்ந்த மூன்று உடன்பிறந்த மாணவர்கள், காலைக் கூட்டத்தில் தேசிய கீதம் இசைக்கப்படும்போது எழுந்து மரியாதையுடன் நிற்பார்கள், பாட மாட்டார்கள். தங்கள் தெய்வத்தையன்றிப் பிறிதொன்றைப் பாடித் துதிப்பது தம் சமயத்திற்கு ஒவ்வாது என்பது அவர்கள் நம்பிக்கை. ஆண்டுக்கணக்கில் இது எவர் கண்ணையும் உறுத்தவில்லை. சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் கவனித்து மன்றத்தில் எழுப்பிய பின்னரே விசாரணை நடந்தது. பிள்ளைகள் ஒழுக்கமுள்ளவர்கள், கீதத்தை அவமதிக்கவில்லை என்றே விசாரணை கூறியது. இருந்தும் 1985 ஜூலையில் மூவரும் பள்ளியினின்று நீக்கப்பட்டனர். கேரள உயர் நீதிமன்றம் அவர்கள் முறையீட்டை ஏற்கவில்லை.

1986 ஆகஸ்டு 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டியும் நீதிபதி தத்தும் தீர்ப்புக் கூறினர். மூவருள் மூத்தவரின் பெயராலேயே சட்ட நூல்களில் அவ்வழக்கு வழங்குகிறது. கீதத்தைப் பாடியே ஆக வேண்டும் என்று விதிக்கும் சட்டம் எதுவும் இல்லை. கல்வித் துறையின் சுற்றறிக்கை சட்டமாகாது. பிறர் பாடுவதைத் தடுப்பதையும் பாடும் கூட்டத்தைக் குலைப்பதையுமே 1971-ஆம் ஆண்டின் தேசியச் சின்னங்களுக்கான சட்டம் குற்றமாக்குகிறது. எழுந்து நிற்பவர் அவமதித்தவராகார். பேச்சுரிமை என்பதில் பேசாதிருக்கும் உரிமையும் அடங்கும். நம்பிக்கை நமக்கு உடன்பாடானதா என்று நீதிபதி பார்க்க வேண்டுவதில்லை. அது உள்ளத்தில் மெய்யாக வேரூன்றியதா என்றே பார்க்க வேண்டும். இவ்வாறு ஆராய்ந்து, பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டனர். அமெரிக்க நாட்டின் அனுபவமும் அத்தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்டது. அங்கும் இதே சமயக் குழுவின் பிள்ளைகள் கொடிவணக்கம் செய்ய மறுத்தபோது, 1940-இல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மூன்றே ஆண்டுகளில், உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943-இலேயே, தன் பிழையைத் தானே திருத்திக்கொண்டது.

வாய் திறவாமை ஒரு வகை. உடுத்தும் உடையால் நம்பிக்கையைக் காட்டுவது மற்றொரு வகை. கர்நாடகத்தில் உடுப்பியின் அரசுக் கல்லூரி ஒன்றில் தலைமறைப்பு அணிந்து வந்த முஸ்லிம் மாணவியர் வகுப்பில் அனுமதிக்கப்படாததால் எழுந்த சர்ச்சையும் நீதிமன்றம் ஏறியது. 2022 பிப்ரவரி 5-ஆம் தேதி அம்மாநில அரசு சீருடை பற்றி ஓர் ஆணை பிறப்பித்தது. மார்ச் 15-ஆம் தேதி உயர் நீதிமன்றம் அவ்வாணையை நிலைநிறுத்தியது. அக்டோபர் 13-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இருவேறு முடிவு கூறினர். யாவர்க்கும் ஒரே சீருடை என்பது சமத்துவத்தை வளர்க்கும் என்று கொண்டார் நீதிபதி ஹேமந்த் குப்தா. அணிவதும் அணியாததும் மாணவியின் தேர்வே என்றும், அவள் படிப்பு தடைப்படலாகாது என்பதே தம் மனத்தில் மேலோங்கி நின்றது என்றும் கொண்டார் நீதிபதி சுதான்சு தூலியா. கேரளப் பிள்ளைகளின் தீர்ப்பைத் தூலியா துணைக்கொண்டார். அது வேறு வகைப்பட்டது என்றார் குப்தா. வழக்கு மேலும் பெரிய அமர்வை நாடித் தலைமை நீதிபதியின் முன் வைக்கப்பட்டது. கற்றறிந்த இருவர் ஒரே சட்டத்தைப் படித்து இருவேறு முடிவுக்கு வந்தனர் எனில், இவ்வழக்கு எளிதன்று என்பது விளங்கும்.

ஆயினும் 1846 முதல் இன்றுவரை வந்த பாதையை ஒருங்கே நோக்கினால் ஒன்று தெளிவாகிறது. சமயத்தைப் பற்றிய தகராறு எப்போதும் பெரியவர்களுக்குள் நிகழ்கிறது. அதன் விலையைப் பிள்ளைகள் செலுத்துகிறார்கள். ஆளுநரும் பாதிரியாரும் பிரமுகரும் வாதிட்டனர். வகுப்பில் உட்கார்ந்திருந்தவன் பையன். சட்டமன்றத்தில் கேள்வி எழுந்தது. பள்ளியை இழந்தவர்கள் மூன்று பிள்ளைகள். நமது அரசியலமைப்பு கூட வயது நிரம்பாத மாணவருக்காகக் காப்பாளரின் இசைவையே கேட்கிறது. பிள்ளையின் உள்ளத்தில் என்ன இருக்கிறது என்பதனைச் சட்டத்தால் கேட்டறிய முடிவதில்லை. அதனைக் கேட்கக்கூடியவர் ஒருவர் உண்டு. நாள்தோறும் அப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் ஆசிரியரே அவர்.

28-ஆம் ஷரத்தின் மூன்றாம் பகுதி தில்லியில் எழுதப்பட்டது. அது நிறைவேறும் இடமோ ஏதோ ஓர் ஊரின் பள்ளி முற்றம். சேர்க்கைப் படிவத்தில் இசைவுக்கென ஒரு வரி இருக்கிறதா, அதனைப் பெற்றோருக்குப் படித்துக் காட்டுகிறார்களா, இசையாத பிள்ளை அந்நேரத்தில் குற்றவாளியைப்போல் ஒதுங்கி நிற்க நேராமல் அதற்கொரு கௌரவமான இடம் இருக்கிறதா? இச்சிறு கேள்விகளுக்கு ஒரு பள்ளி தரும் விடையில்தான் அரசியல் நிர்ணய சபையின் உழைப்பு உயிர் பெறுகிறது, அல்லது வீணாகிறது.

எம் வரிசையின் கடைசியில் நின்ற தோழனை இப்போது நினைக்கின்றோம். அவனுக்குப் பாட உரிமை இருந்தது. பாடாதிருக்கவும் உரிமை இருந்தது. பாடுவதுபோல் நடிக்க வேண்டிய அவசியம் மட்டும் அவனுக்கு இருந்திருக்க வேண்டியதில்லை. ஆசிரியர்களுள் எவரேனும் ஒரு நாள் அவனருகில் வந்து, தம்பி, உனக்கு இதில் விருப்பமா என்று கேட்டிருந்தால் போதும். நாட்டின் மூல சட்டம் பள்ளியின் மீது சுமத்திய கடமை அவ்வளவே. அது அன்று எம் முற்றத்தில் நிறைவேறாமற் போயிற்று. இன்று காலை மணி அடிக்கும் பள்ளிகளிலேனும் அது நிறைவேறுமாக.